ஏற்றத்தில் இருமிய வண்டி

எனக்கு மூக்குமேல் கோபம். பட்டறைக்கு வருகிற எல்லாருக்கும் இது தெரியும். சாவியை மேசைமேல் போட்டுவிட்டு, "வண்டி சரியில்லை, பாருங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு ஒருவர் நகர்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்போது சரியில்லை, எங்கே சரியில்லை, சத்தம் போடுகிறதா, புகை விடுகிறதா, எதையும் சொல்லாமல் போனால் நான் என்ன வண்டிக்கு ஜோசியமா பார்க்கிறேன்? ஆனால் இந்தக் கதை டிரைவர் அண்ணனுடையது. அவர் விஷயத்தில் என் வாய் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் தெருமுனையிலிருந்து பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போகும் டவுன் பஸ்ஸை வெகுகாலம் ஓட்டியவர். ஊரில் அவருக்கு 'மெத்தை' என்று பெயர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கூடக் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. கைக்குழந்தைக்காரிகள் முன்னால் வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்காக நிற்பார்கள். நிறுத்தம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும். கண்டக்டர் பின்னாலிருந்து கத்துவார்: "அண்ணே, பிரேக் போட ஆரம்பிச்சாச்சா? அப்போ நான் டிக்கெட்டெல்லாம் முடிச்சிட்டு ஒரு டீயும் குடிச்சிடறேன்!" பஸ்ஸே சிரிக்கும். அண்ணன் கண்ணாடியில் பார்த்து முறைப்பதாகப் பாவனை செய்வார்.

சர்க்கரை வியாதி அவர் கண்ணில் கை வைத்தது. ஓரங்களிலிருந்து பார்வை தேய்ந்துகொண்டே வந்தது. யாருக்கும் தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் காலையில் நிறுத்தத்தில் நின்ற கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைக் கம்பம் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கே டிப்போவுக்குப் போய் மேனேஜர் முன்னால் சாவியை வைத்துவிட்டு, "சார், இனிமே நான் ஓட்டக் கூடாது" என்று சொன்னாராம். மேனேஜர் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார். "சீட்டு வர்றதுக்குள்ள யார் மேலயாவது ஏத்திடுவேன் சார்" என்று சொல்லிவிட்டு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்.

அவருடைய மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். துணிக்கடை ஒன்றில் தையல் வேலை. அண்ணன் வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாம் என்று எல்லாரும் சொன்னபோது அண்ணி ஒற்றைக்காலில் நின்று மறுத்துவிட்டார். தலை நரைத்த வயதில் அந்த வண்டியையே ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தது அண்ணன்தான், பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு. அப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மாலை நேரத்தில் எங்கள் தெருவில் இதுதான் வேடிக்கை. "கிளட்சை விடும்மா. மெதுவா. ஐயோ, மெதுவான்னா மெதுவா! பூனையை இறக்கி விடற மாதிரி விடு!" வண்டி ஒரு குதி குதித்து நிற்கும். "பூனை ஓடிடுச்சு, போதுமா?" என்பார் அண்ணி. இரண்டு பேரும் வண்டிமேலேயே உட்கார்ந்து சிரிப்பார்கள். பார்க்கிற எங்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அக்கரையில், பார்வை போனவர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. கோல் ஊன்றி ரோட்டைக் கடப்பது, பேசுகிற போனைப் பயன்படுத்துவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் அண்ணி அவரை அங்கே இறக்கிவிட்டு, மாலையில் கூட்டி வருவார். கண்ணை இழந்த பிறகு வாயே திறக்காமல் இருந்த மனிதர், அங்கே போக ஆரம்பித்ததும் பழையபடி பேச ஆரம்பித்தார். அங்கே படிக்கிற பையன்களுக்கு எந்த நிறுத்தத்தில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று இவர்தான் சொல்லிக்கொடுக்கிறாராம். அண்ணி இதைச் சொல்லும்போது முகம் முழுக்க வெளிச்சம்.

அந்த அண்ணிதான் ஒரு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார்.

"தம்பி, வேகமா முறுக்கினா வண்டி இருமுது. படக் படக்னு வெட்டுது. மெதுவா போனா ஒண்ணுமில்லை. போன வாரம் மெயின் ரோடு கிராஸிங்ல முறுக்கினேன், நடு ரோட்டுல கட்டாயி நின்னுடுச்சு. ஒரு லாரி முன்சக்கரத்தை உரசிட்டுப் போச்சு. உயிரே போயிட்டு வந்துது."

அதோடு முடியவில்லை. அன்றிலிருந்து அண்ணன் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாராம். வகுப்புக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அவர் இடத்தைக் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். "வண்டியைச் சரி பண்ணிக் குடுத்துடு தம்பி. வண்டி சரியாயிட்டா வந்துடுவாரு. இல்லேன்னா அந்த நாற்காலியிலயே உக்காந்து போயிடுவாரு."

பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். முறுக்கும்போது மட்டும் வெட்டுகிறது என்றால் ஒன்று பெட்ரோல் போதவில்லை, அல்லது பொறி போதவில்லை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பெட்ரோல் டேப்பில் அடைப்பு இல்லை. ஏர் ஃபில்டரைத் தட்டினேன், பிளக்கைப் புதிதாக மாற்றினேன், காயிலையும் மாற்றினேன். பாலத்து ஏற்றத்தில் கொண்டுபோய் முழுசாக முறுக்கினேன். ஒரு இருமல் இல்லை. பாரம் இருந்தால்தான் வெட்டுமோ என்று என் வீட்டுக்காரியைப் பின்னால் ஏற்றினேன்.

"என்னைப் பார்த்தா உங்களுக்கு சிமெண்ட் மூட்டை மாதிரி இருக்கா?" என்று அவள் பாலம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டு மட்டும்தான் கேட்டது, இருமல் இல்லை. வண்டி வெண்ணெயாகப் போனது. சரியாகிவிட்டது என்று மார்தட்டிக்கொண்டு அண்ணியிடம் சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணி திரும்பி வந்தார். கெஞ்சிக் கூத்தாடி அண்ணனை ஏற்றியிருக்கிறார். ஏற்றம் தொடங்கியதும் பழைய கதை. அண்ணன் பாலத்து நடுவிலேயே இறங்கி, அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். பிறகு அண்ணி மட்டும் வந்து வண்டியை எடுத்து ஓட்டினால் ஒன்றுமே இல்லை.

"அவர் பின்னாடி இருக்கறப்போ மட்டும்தான் தம்பி அப்படிப் பண்ணுது."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "அதென்ன அண்ணி, அவர் உக்காந்தா மட்டும் வெட்டறதுக்கு வண்டிக்கு அவர் மேல பகையா? என் வீட்டுக்காரி அவரைவிட எடை கூட. அவளையே இழுக்குது!"

அண்ணி சாவியை மேசைமேல் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்தாள். எடையைப் பற்றிச் சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அதை விட்டுவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி வேறொன்று கேட்டாள்: "அவர் உக்காந்தாதான் வருதுன்னு சொல்றாங்க. நீங்க அவரை உக்கார வச்சுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. கண் தெரியாத மனிதரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டிருந்தேன். நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. எங்கேயும் போகாதவருக்கு அண்ணி அப்படித் தேய்த்துப் போட்டிருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே, "வா தம்பி" என்றார். வண்டியைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் கையை ஆட்டினார்.

"விடுப்பா. அது வண்டியோட தப்பு இல்லை. நான் ஏறினா அதுக்குத் தாங்கலை. நான் இல்லேன்னா உங்க அண்ணி ஜோரா போறா, வர்றா. அவ நிம்மதியா போகட்டும். எனக்கு என்ன, இங்க காத்து வருது."

ஐயோ, வண்டி அவரைப் பாரம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். என்ன சமாதானம் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் வேறு வழியில் பிடித்தேன்.

"அண்ணே, நான் தோத்துட்டேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலை. உங்களை ஏத்திக்கிட்டுப் போக வரலை, டிரைவராக் கூப்பிட வந்திருக்கேன். பின்னாடி உக்காந்து அது என்ன பண்ணுதுன்னு காதால பாத்துச் சொல்லுங்க."

நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு செருப்பைத் தேடி, "ஷூ போட்டுக்கறேன், இரு" என்றார். டியூட்டிக்குப் போட்ட அதே கனமான கறுப்பு ஷூ.

நான் ஓட்ட, அவர் பின்னால். பாலத்து ஏற்றம் வந்ததும் முறுக்கினேன். படக், படக், படக். ஒரு மெக்கானிக் தன் கையால் வேலை பார்த்த வண்டி இருமுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கத்தியே விட்டேன்: "வந்துடுச்சு அண்ணே!" எதிரே வந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

"இது பெட்ரோல் இல்லை தம்பி," என்றார் அண்ணன். "பெட்ரோல்னா இழுத்து இழுத்துச் சாகும். இது சட்டுனு வெட்டிட்டு சட்டுனு வருது. கரண்ட் எங்கேயோ விட்டு விட்டு வருது. அது இருமினதும் என் கால் தானா பிரேக்கை மிதிக்கப் போயிடுது, பாரேன், இன்னும் பழக்கம் விடலை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் ஒன்றும் தோன்றவில்லை எனக்கு. பட்டறைக்குத் திரும்பி ஒயரையெல்லாம் அசைத்து அசைத்துப் பார்த்தேன். நின்ற இடத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசியில் அண்ணியை வரச்சொன்னேன். அவர் ஓட்டட்டும், அண்ணன் பின்னால் உட்காரட்டும், நான் என் வண்டியில் பக்கத்திலேயே வருகிறேன் என்றேன். இரண்டு பேரும் தயங்கினார்கள். அண்ணன்தான், "வேலைன்னு வந்தாச்சு, முடிச்சிட்டுப் போவோம்" என்று ஏறினார்.

ஏற்றத்தில் அண்ணி முறுக்கினார். நான் வலது பக்கம் ஒட்டினாற்போல வந்துகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அண்ணனின் வலது கால் முன்னால் போய் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. பிறகுதான் வண்டி இருமியது. மறுபடி முறுக்கச் சொன்னேன். மறுபடியும் முதலில் கால், பிறகு இருமல். அண்ணன் சொன்னது தலைகீழ். வண்டி இருமியதால் கால் மிதிக்கவில்லை, கால் மிதித்ததால் வண்டி இருமியது.

பட்டறையில் அவர்களை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு சீட்டுக்குக் கீழே இருக்கிற வலது பக்கத்து சைடு கவரைக் கழற்றினேன். கீழ் முனையில் கறுப்பு ஷூ பாலிஷ் அப்பியிருந்தது. கவரைத் தாங்கும் காது உடைந்திருந்தது. ஷூ முனையால் அழுத்தினால் கவர் உள்ளே போய் நேராகக் கப்ளரை இடிக்கிறது. கப்ளர் என்றால் ஒயர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு. பிளக்குக்குப் போகிற கரண்ட் அது வழியாகத்தான் போக வேண்டும். அது இடிபட்டால் ஒரு கணம் பொறி இருக்காது. வேகமாக முறுக்கும்போதுதான் அண்ணனுக்குப் பயம், பயம் வந்தால் மிதிப்பார், மிதித்தால் வெட்டும். என் வீட்டுக்காரிக்குப் பிரேக் மிதிக்கிற பழக்கம் இல்லை, அவள் வாயால்தான் மிதிப்பாள்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் கூவ வாயெடுத்தேன். நல்லவேளை, வாய் பாதியில் நின்றது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? தன்னால்தான் வண்டி தாங்கவில்லை என்று ஏற்கெனவே மூலையில் உட்கார்ந்துவிட்டவர். உன் கால்தான் நடு ரோட்டில் வண்டியை நிறுத்தியது என்று சொன்னால் ஜென்மத்துக்கும் ஏற மாட்டார். அண்ணியை மட்டும் தனியாக அழைத்துக் காட்டினேன். "கப்ளர் லூஸ்னு சொல்லிடறேன் அண்ணி. பொய்யும் இல்லை."

அண்ணி அந்தப் பாலிஷ் கறையை விரலால் தொட்டுக்கொண்டே நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. கண்ணு இருக்கறவங்ககிட்ட மறைச்சா என்னிக்காவது அவங்களாப் பாத்துக்குவாங்க. இவர் நாம சொல்றதை நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறாரு. உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். இவ்வளவு பெரிய வாய்க்காரன், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிச் சொன்னேன். அண்ணன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்போ கிராஸிங்ல வண்டியை நிறுத்தினது நான்தான்."

"கவர் உடைஞ்சிருந்தது அண்ணே. ஒயர்..."

"ஒயர் எங்க இருந்தா என்ன தம்பி? மிதிச்சது யாரு? லாரிக்கு முன்னாடி இவளைக் கொண்டுபோய் நிறுத்தினது யாரு?" கோலைத் தேடி எழுந்தார். "ஒரு ஆட்டோ கூப்பிடுப்பா. கண்ணு போனதும் சாவியை வச்சுட்டு வந்தேனே, இந்தக் காலையும் அங்கேயே வச்சுட்டு வந்திருக்கணும்."

"உக்காருங்க," என்றார் அண்ணி. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அண்ணன் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னிக்கு எதுக்கு மிதிச்சீங்க?"

"லாரி சத்தம் கேட்டுது. இடது பக்கமா வேகமா வந்துது. நீ பாத்திருப்பேன்னு நினைச்சேன். ஆனா நீ முறுக்கிட்டே. கால் தானா போயிடுச்சு."

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் பாக்கலை. வலது பக்கமே பாத்துட்டிருந்தேன், அது காலியாச்சுன்னு முறுக்கிட்டேன். வண்டி நடுவுல நின்னதாலதான் லாரி முன்னாடி போச்சு. நிக்கலேன்னா நாம ரெண்டு பேரும் அதுக்கு அடியில இருந்திருப்போம். அன்னிலேர்ந்து ஊர் பூரா வண்டியைக் குத்தம் சொல்லிட்டுத் திரியறேன். உண்மை தெரிஞ்சா நீங்க என்னை நம்பி ஏற மாட்டீங்கன்னு பயம். வண்டி இருமறது மட்டும் சரியாயிட்டா போதும், எல்லாம் பழையபடி ஆயிடும்னு நினைச்சேன்."

என் வீட்டுக்காரி வாசல் நிலையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"வண்டியை நிறுத்தினது நீங்கதான்," என்றார் அண்ணி. "இன்னிக்குத்தான் எனக்கே தெரியும். நீங்க பாரம்னு யார் சொன்னது?"

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்தது டிரைவரின் குரல்.

"இடது பக்கம் பாக்காம முறுக்கக் கூடாதுன்னு எத்தனை தரம் சொல்லிக் குடுத்தேன்?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"அதான் பின்னாடி ஆள் வேணும்னு சொல்றேன்." அண்ணி அழுதுகொண்டே சிரித்தார்.

கப்ளரைக் கவர் பக்கமிருந்து எடுத்து, டேங்குக்கு அடியில் எதுவும் தொடாத இடத்தில் கட்டினேன். கவருக்குப் புதுக் காது வைத்தேன். இனி அவர் கால் அதன் இஷ்டத்துக்கு மிதித்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணன் அதை ஏற்கவில்லை. "கால் வேணாம். கை வச்சுக்கறேன்" என்றார். தோளை அழுத்தினால் பொறு, கையை எடுத்தால் போ என்று இரண்டு பேரும் பட்டறைக்குள்ளேயே பேசிவைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வகுப்பு பாதி முடிந்திருக்கும், ஆனாலும் பரவாயில்லை, பையன்கள் தேடுவார்கள் என்றார் அண்ணன்.

வாசலில் நின்று பார்த்தேன். பாலத்துக்குப் போக மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும். அண்ணி வண்டியை நிறுத்தி வலது பக்கம் பார்த்தார், இடது பக்கமும் பார்த்தார். எனக்குத் தெரிந்தவரை ரோடு காலி. ஆனால் அண்ணன் கை அவர் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. அண்ணி நகரவில்லை. வளைவிலிருந்து ஒரு வேன் வந்து அவர்களைத் தாண்டிப் போனது. அதன் பிறகுதான் கை எழுந்தது. அண்ணி முறுக்கினார்.